சாப்பாட்டுக்குப் பிறகு வாருங்கள்

டை சார் நடந்தால் காலணி கீச்சிடும். அந்த மனிதரிடம் இருந்த ஒரே நல்ல குணம் அதுதான் என்பது கடுகு டீச்சரின் தீர்மானம். வராந்தாவின் அந்தக் கோடியில் கீச்சுச் சத்தம் கேட்டதுமே, ஏழாம் வகுப்பு ஏ பிரிவில் கதவோரம் உட்கார்ந்திருக்கும் பெண் எழுந்து, சாத்தியிருந்த கதவைத் திறந்து கொக்கியில் மாட்டிவிட்டு, ஒன்றும் அறியாதவள்போல உட்கார்ந்துகொள்வாள். அதுவரை தமிழில் ஓடிக்கொண்டிருந்த அறிவியல் பாடம் அந்த நொடியே இங்கிலீஷுக்குத் தாவிவிடும். சார் வாசலைக் கடக்கும்போது டீச்சர் இங்கிலீஷில் முழங்கிக்கொண்டிருப்பாள். பிள்ளைகள் ஒரே குரலில் "யெஸ் மிஸ்" போடுவார்கள். சார் திருப்தியோடு தலையை ஆட்டிக்கொண்டு போவார். கீச்சுச் சத்தம் படியிறங்கிப் போனதும் கதவு மறுபடி சாத்தப்படும்.

கடுகு டீச்சர் என்பது பிள்ளைகள் வைத்த பெயர். ஆள் குள்ளம், லேசாகச் சூடுபட்டாலே வெடிப்பாள். எந்த வருஷத்துப் பிள்ளைகள் வைத்தார்களோ, பள்ளிக்கூடம் முழுக்க அதுவே நிலைத்துவிட்டது. "வெங்காயம்னு வைக்காம விட்டாங்களே, அதுவரைக்கும் புண்ணியம்" என்று அவளே ஆசிரியர் அறையில் சொல்லிச் சிரிப்பாள். அது சிரிப்பு வந்துகொண்டிருந்த காலம். இந்த வருஷம் அவளுக்குச் சிரிப்பு வருவதில்லை.

போன வருஷம்வரை அங்கே எல்லாப் பாடமும் தமிழில்தான் நடந்தது. அடுத்த தெருவில் முழுக்க முழுக்க இங்கிலீஷில் நடத்தும் பள்ளி ஒன்று கண்ணாடி ஜன்னல்களோடு எழும்பியது. இங்கிருந்த பிள்ளைகள் ஒவ்வொருவராக அங்கே நழுவினார்கள். பள்ளியை நடத்தும் பெரிய மேடம் வருகைப் பதிவேட்டை எண்ணிப் பார்த்தார். 'இவ்வாண்டு முதல் அனைத்துப் பாடங்களும் ஆங்கிலத்தில்' என்று வாசலில் பலகை மாட்டிவிட்டார். மாட்டுவது சுலபம்தானே, இரண்டு ஆணி போதும். தமிழில் படித்து, தமிழில் இருபது வருஷத்துக்கு மேல் பாடம் நடத்திப் பழகிய வாய்களை யார் மாற்றுவது? அதற்குத்தான் டை சாரைக் கொண்டுவந்தார்கள். வயதில் டீச்சரைவிடச் சிறியவர். எந்த வெயிலிலும் கழுத்தில் அந்தப் பட்டைத் துணி தொங்கும்.

அவர் போட்ட முதல் சட்டம் இது. வாசலுக்குள் கால் வைத்தால் ஆசிரியர்கள் வாயில் இங்கிலீஷ் தவிர வேறு எதுவும் வரக்கூடாது. பிள்ளைகளிடம் மட்டுமில்லை, ஆசிரியர்கள் தங்களுக்குள் பேசினாலும், பியூனிடம் தண்ணீர் கேட்டாலும் இங்கிலீஷ்தான். பியூனுக்கு இங்கிலீஷ் தெரியாது என்று யாரோ சொன்னதற்கு, "கேட்டுக் கேட்டுப் பழகுவார்" என்றார். பியூன் கேட்டுக் கேட்டு, எது கேட்டாலும் தண்ணீர் கொண்டுவரப் பழகினார். சுண்ணக்கட்டி கேட்டாலும் தண்ணீர் வந்தது.

அந்தச் சட்டத்துக்கு டீச்சரும் முதலில் தலையை ஆட்டினாள். வீட்டில் கண்ணாடி முன் நின்று பாடத்தை இங்கிலீஷில் நெட்டுருப் போட்டுக்கொண்டு வந்து வகுப்பில் கொட்டினாள். பிள்ளைகள் எழுதிக்கொண்டார்கள். அவர்களும் நெட்டுருப் போட்டார்கள். இரண்டு பக்கமும் நெட்டுருவாகவே பருவத் தேர்வுவரை வண்டி ஓடிவிட்டது.

வண்டி குடைசாய்ந்தது விடைத்தாள் திருத்தும்போது. மதிய இடைவேளையில் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, மழை எப்படி உண்டாகிறது என்ற கேள்வியின் பதிலைப் படித்தாள். தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'சூரிய வெப்பத்தால் நீர் ஆவியாகிறது. இப்போது வேண்டாம், சாப்பாட்டுக்குப் பிறகு வாருங்கள். அந்த ஆவி மேலே சென்று குளிர்ந்து மேகமாகிறது.'

ஏதோ குறும்புக்காரப் பயல் என்று நினைத்து அடுத்த தாளை எடுத்தாள். அதிலும் நீர் ஆவியாகி, சாப்பாட்டுக்குப் பிறகு வரச்சொல்லப்பட்டு, அப்புறம் மேகமானது. அதற்கடுத்த தாளிலும் அப்படியே. கட்டு முழுக்க ஒரே கதைதான். அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தப் பாடத்தைச் சொல்லச் சொல்லப் பிள்ளைகள் எழுதிக்கொண்டிருந்த அன்று, பியூன் சுற்றறிக்கையோடு வாசலில் வந்து நின்றார். வராந்தாவில் டை சார் நின்றிருந்தார். அதனால் பியூனிடமும் இங்கிலீஷிலேயே, இப்போது வேண்டாம், சாப்பாட்டுக்குப் பிறகு வாருங்கள் என்றாள். பியூன் வழக்கம்போலத் தண்ணீர் கொண்டுவரப் போனார். பிள்ளைகள் வழக்கம்போல எழுதிக்கொண்டார்கள்.

தனியாகக் கேட்டிருந்தால் அதில் பாதிச் சொற்களாவது அவர்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் வகுப்பில் மிஸ் வாயிலிருந்து வருவதெல்லாம் பாடம், பாடம் என்றால் புரியாது, புரியாததை அப்படியே எழுத வேண்டும் என்று சில மாதங்களுக்குள்ளேயே பழகியிருந்தார்கள். கேள்வி கேட்டே உயிரை வாங்கும் பிள்ளைகள் அவர்கள். வானம் ஏன் நீலம், பல்லி ஏன் விழவில்லை என்று போன வருஷம் அவளை ஓட ஓட விரட்டியவர்கள். டீச்சருக்கு முதலில் கண்ணில் நீர் வரச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிந்தபின்னும் கண்ணீர் நிற்கவில்லை. அப்புறம் கோபம் வந்தது. அந்தக் கோபம்தான் இன்றுவரை போகவில்லை.

அதில் அவளும் ஒரு தப்புச் செய்தாள். எல்லோருக்கும் மார்க்கைக் குறைத்தால் டை சார் ஏன் என்று கேட்பார். கேட்டால் விஷயம் சந்தி சிரிக்கும். அதனால் அந்த வரியைப் பார்க்காததுபோல் முழு மார்க்கையும் போட்டுவிட்டாள். பிள்ளைகளிடமும் சொல்லவில்லை. வெட்கம். அந்தப் பாடத்தை அவள் திரும்பத் தொடவே இல்லை. ஆனால் மறுநாளிலிருந்து கதவைச் சாத்தினாள். புதுப் பாடம் ஒவ்வொன்றையும் கதவு சாத்தித் தமிழில் ஒருமுறை, கதவு திறந்து இங்கிலீஷில் ஒருமுறை. பல்லியைப் பற்றியெல்லாம் மறுபடி கேள்வி வரத் தொடங்கியது.

கதவோரத்துப் பெண் டீச்சரின் தங்கை மகள். பன்னிரண்டு வயதாகியும் வீட்டில் அவள் பாப்பாதான். அது அவளுக்குப் பிடிக்காது, யாரும் லட்சியம் செய்வதில்லை. கெட்டிக்காரி, வாய் அதிகம் பேசமாட்டாள், காது மட்டும் பாம்புக்காது. டை சாரின் கீச்சுச் சத்தம் அவர் படியேறும்போதே அவளுக்குக் கேட்டுவிடும். அதனால்தான் டீச்சர் அவளைக் கதவுக்குக் காவல் வைத்தாள். பருவத் தேர்வில் அறிவியலில் நூற்றுக்கு நூறு வாங்கியவளும் அவள்தான். மழை உண்டாகும் பதிலை முத்து முத்தான கையெழுத்தில் எழுதி, அந்தச் சாப்பாட்டு வரியை அளவுகோல் வைத்து அடிக்கோடும் இட்டிருந்தாள்.

தங்கை ஒரு பெரிய ஹோட்டலின் சலவை அறையில் வேலை பார்த்தாள். மலைமலையாகப் படுக்கை விரிப்பு தேய்த்து மடிக்கிற வேலை. முன்கூடத்தில் நின்று இங்கிலீஷ் பேசும் பெண்களுக்குக் குளிர்சாதனமும் நாற்காலியும் உண்டு. சலவை அறையில் ஆவியும் புழுக்கமும்தான். பாப்பாவின் நூறு மார்க்கை அவள் சலவை அறை முழுக்கச் சொன்னாள். தெரு முழுக்கச் சொன்னாள். தபால்காரர்கூடத் தப்பவில்லை.

கெட்டது ஒரு இஸ்திரிப் பெட்டியால் வந்தது. ஒரு நாள் வீட்டில் தங்கை துணி தேய்த்துக்கொண்டிருந்தபோது, இத்தனை சூட்டிலும் கைப்பிடி ஏன் சுடவில்லை தெரியுமா என்று பாப்பா ஆரம்பித்தாள். இரும்பு சூட்டை வாங்கிக் கைமாற்றிவிடும், மரம் வாங்கினால் விடாது, அதனால்தான் பிடிக்கு மரம், அடிக்கு இரும்பு என்று கை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். தங்கை கேட்டுக்கொண்டே இருந்தாள். நன்றாகப் புரிந்தது. அதுதான் வினை. தனக்கே புரிகிறது என்றால் இது இங்கிலீஷ் பாடமாக இருக்க முடியாதே என்று அவளுக்குத் தட்டியது. "இதையே இங்கிலீஷ்ல சொல்லு" என்றாள். ரகசியம் தெரிந்துவிட்டதே என்ற பதற்றத்தில் பாப்பா முழித்தாள். மிஸ் கதவைச் சாத்திவிட்டுச் சொல்லித் தந்தது வெளியே வந்துவிட்டது.

அன்று சாயங்காலமே தங்கை அக்கா வீட்டு வாசலில் நின்றாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

"கதவைச் சாத்திக்கிட்டு என் பொண்ணுக்கு என்ன சொல்லித் தர்ற?"

"பாடம்."

"எந்த மொழியில?"

"புரியுற மொழியில."

"புரியுறதுக்கா நான் பணம் கட்டுறேன்?" என்றாள் தங்கை. "தமிழ்ல புரிஞ்சு என்ன ஆச்சு எனக்கு? போன மாசம் மாடி வராந்தாவுல ஒருத்தன் ஓடி வந்து என்கிட்ட இங்கிலீஷ்ல என்னமோ கத்துறான். எனக்கு ஒரு எழவும் புரியல. ஒரு துண்டை எடுத்து நீட்டினேன். அவன் பொண்டாட்டி அறையில மயங்கிக் கிடந்திருக்கா. அத்தனை பேர் முன்னாடி அவன் என்னைப் பாத்த பார்வை இருக்கே, ஜென்மத்துக்கும் மறக்காது. என் பொண்ணு அப்படி நிக்கக்கூடாது."

"இப்ப அவ அப்படித்தான்டி நிக்கிறா. வகுப்புல நின்னுக்கிட்டு நான் இங்கிலீஷ்ல என்ன சொன்னாலும் துண்டை நீட்டுறா."

"நூத்துக்கு நூறு நீதானே போட்ட?"

டீச்சர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். தங்கை அதைப் பார்த்துவிட்டாள்.

"உன் பையனை மட்டும் சின்ன வயசுலேர்ந்து இங்கிலீஷ்ல படிக்க வெச்சல்ல? அப்ப எங்க போச்சு உன் புரியுற மொழி?"

"அவனுக்கு வீட்ல நான் இருந்தேன். பள்ளிக்கூடத்துல படிச்சதையெல்லாம் நான் உட்காந்து தமிழ்ல சொல்லிக் குடுத்தேன்."

"அப்போ என் பொண்ணுக்கு வீட்ல ஆள் இல்லைங்கிற. ஒரு தற்குறிதான் இருக்காங்கிற." தங்கையின் குரல் தணிந்தது. அவள் கத்தும்போது பயப்பட ஒன்றுமில்லை, தணிந்தால்தான் பயப்பட வேண்டும். "ரெண்டு பேர்ல ஒருத்தியைத்தான் மேல படிக்க வைக்க முடியும்னு அப்பா சொன்னாரே, அன்னிக்கு வாயை மூடிக்கிட்டு நின்னது யாரு? ஒருத்தியை முடக்கிப் போட்டாச்சு. இப்ப அவ பொண்ணையும் முடக்கணுமா?"

"பைத்தியம் மாதிரிப் பேசாத."

"நாளைக்குப் பள்ளிக்கூடத்துல வந்து பேசுறேன். பைத்தியம் யாருன்னு அங்க தெரியும்."

சொன்னபடியே மறுநாள் வந்தாள். சலவை அறைச் சீருடையை மாற்றி, இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு வந்து பெரிய மேடத்தின் அறையில் உட்கார்ந்தாள். அந்தப் பள்ளியில் தமிழுக்குத் தடையில்லாத ஒரே அறை அதுதான். பெற்றோரிடம் கட்டணம் பேசும் இடமாயிற்றே. மேடத்துக்குப் பக்கத்தில் டை சார் உட்கார்ந்திருந்தார். டீச்சரை உட்காரச் சொல்லவில்லை.

டீச்சருக்கு நிலைமை தெரியும். புகார் மெய்யானால் அடுத்த வாரத்திலிருந்து அவளுக்கு நூலகப் பொறுப்பு. நூலகம் என்பது பூட்டிய இரண்டு அலமாரி. ஏ பிரிவும் பக்கத்து அறை பி பிரிவு மிஸ்ஸின் கைக்குப் போகும். டை சார் கூட்டிவந்த சின்னப் பெண் அவள். இங்கிலீஷ் தண்ணீர்பட்ட பாடு. பிள்ளைகளைக் கோரஸாகச் சொல்லவைத்து, சொல்லவைத்து, மணியடித்ததும் போய்விடுவாள். அந்தக் கோரஸ் நடுவில் இருக்கும் பலகைத் தடுப்பைத் தாண்டி நாள் முழுக்க ஏ பிரிவில் கேட்கும். போனால் வேலை மட்டுமில்லை, பல்லியைப் பற்றிக் கேள்வி கேட்கும் அத்தனை வாய்களும் கோரஸில் சேர்ந்துவிடும்.

"கதவைச் சாத்திட்டுத் தமிழ்ல நடத்துறீங்கன்னு இந்த அம்மா சொல்றாங்க" என்றார் டை சார். "எனக்கும் ரொம்ப நாளா சந்தேகம். இந்தப் புழுக்கத்துல யாராவது கதவைச் சாத்துவாங்களா?"

"தூசி வருது சார்."

"என் பொண்ணே சொன்னா சார்" என்றாள் தங்கை. "கூப்பிட்டுக் கேளுங்க."

பாப்பாவைக் கூட்டிவந்தார்கள். அம்மா, பெரியம்மா, சார், மேடம் என்று நான்கு முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"பயப்படாம சொல்லும்மா" என்றார் பெரிய மேடம். "மிஸ் அறிவியலைத் தமிழ்லயா நடத்துறாங்க?"

டீச்சர் பாப்பாவைப் பார்க்கவில்லை. பார்த்தால் சொல்லிக்கொடுத்ததாகிவிடும்.

"இல்ல மேடம்" என்றாள் பாப்பா.

"ஏய்" என்று தங்கை நாற்காலியிலிருந்து எழுந்தாள். "இஸ்திரிப் பெட்டி?"

"அது நானா யோசிச்சதும்மா. உன்கிட்ட சும்மா சொன்னேன்."

பன்னிரண்டு வயதுப் பெண் பெற்ற தாயின் முகத்துக்கு நேரே, நிமிர்ந்து நின்று, கண் இமைக்காமல் பொய் சொன்னாள். வீட்டுக்குப் போனால் என்ன கிடைக்கும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னாள். அத்தோடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும். முடிந்தும்விட்டது. மேடம் பெருமூச்சு விட்டு மேஜை மேலிருந்த மணியை நகர்த்திவைத்தார். தங்கை மட்டும் மறுபடி உட்காரவில்லை.

"பொய் சொல்லப் பழக்கி வெச்சிருக்கா மேடம். என் பொண்ணுக்கு இவ தமிழ் தேவையே இல்ல. இவ தயவு இல்லாமலே நூறு வாங்குறவ அவ. வயித்தெரிச்சல். தான் பெத்தது மட்டும் இங்கிலீஷ் பேசணும், அடுத்தவ பெத்தது விரிப்பு மடிக்கணும்."

"அம்மா, உக்காருங்க" என்றார் டை சார். அவர் முகம் மலர்ந்திருந்தது. "புகார் பொய்யாப் போனதும் நல்லதுதான். உங்க பொண்ணே சாட்சி. அரை வருஷத்துல, ஒரு வார்த்தை தமிழ் இல்லாம, சுத்தமா இங்கிலீஷ்ல படிச்சு முதல் மார்க். இதைத்தான் நான் வந்த நாள்லேர்ந்து சொல்றேன். மேடம், அடுத்த பெற்றோர் கூட்டத்துல இந்தப் பொண்ணை மேடையில நிக்க வைக்கலாம்."

டீச்சர் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். வேலை தப்பிவிட்டது, கதவும் தப்பிவிட்டது. ஆனால் அவளுக்கு இரண்டு காதிலும் ஈயத்தைக் காய்ச்சி ஊற்றியதுபோல் இருந்தது. ஒரு பக்கம் தங்கை. இன்னொரு பக்கம் இந்த மனிதர். அவள் கதவுக்குள் உயிரைக் கொடுத்துச் சொல்லித் தந்ததையெல்லாம் தன் டைக்குக் கிடைத்த வெற்றியாக மாட்டிக்கொள்கிறார். கடுகு வெடித்தது.

"மேடம், நான் இவளை ஒரே ஒரு கேள்வி கேக்கலாமா?"

"கேளுங்களேன்."

எந்தக் கேள்வியைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. பாடப் புத்தகத்தில் எத்தனையோ கேள்விகள் இருந்தன. இஸ்திரிப் பெட்டியைக் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அந்தப் பெண் இரண்டு மொழியிலும் வெளுத்து வாங்கியிருப்பாள். டீச்சர் பாப்பா பக்கம் திரும்பி, மழை எப்படி உண்டாகிறது என்று இங்கிலீஷில் கேட்டாள்.

பாப்பாவின் முகத்தில் நிம்மதி வந்தது. நூறு வாங்கிய கேள்வி. பெரியம்மா தன்னைக் காப்பாற்றத்தான் கேட்கிறாள் என்று நம்பினாள். கையைக் கட்டிக்கொண்டு, தங்கு தடையின்றி, இங்கிலீஷில் தொடங்கினாள். சூரிய வெப்பத்தால் நீர் ஆவியாகிறது. இப்போது வேண்டாம், சாப்பாட்டுக்குப் பிறகு வாருங்கள். அந்த ஆவி மேலே சென்று குளிர்ந்து...

பெரிய மேடம் முதலில் புருவத்தைத் தூக்கினார். அப்புறம் கைக்குட்டையால் வாயைப் பொத்தினார். பொத்தியும் அடங்கவில்லை, தோள் குலுங்கியது. டை சாரின் முகம் சிவந்து, கறுத்து, கடைசியில் வேறு வழியில்லாமல் அவரும் பல்லைக் காட்டினார். தங்கைக்கு இங்கிலீஷ் தெரியாது. மகள் அருவி மாதிரிப் பேசுகிறாள், பெரியவர்கள் சந்தோஷப்பட்டுச் சிரிக்கிறார்கள் என்று நினைத்து, அவளும் முகமெல்லாம் பூரித்துச் சிரித்தாள். அக்காவை ஒரு வெட்டு வெட்டிப் பார்த்துவிட்டு மறுபடி சிரித்தாள்.

பாப்பா சொல்லி முடித்தாள். சிரிப்பு நிற்கவில்லை. அவள் அம்மாவின் சிரிப்பையும் மேடத்தின் சிரிப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். இரண்டும் ஒரே சிரிப்பு இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னக்கா?" என்றாள் தங்கை, சிரித்த வாயை மூடாமலே. "என்ன சொன்னா?"

இப்போதாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தத் தெரிந்தால் அவளுக்கு ஏன் அந்தப் பெயர்? தங்கையின் முகத்துக்கு நேரே பார்த்து, பாப்பா சொன்னதை வரி பிசகாமல் தமிழில் சொன்னாள். சாப்பாட்டு வரியை நிறுத்தி, அழுத்திச் சொன்னாள். "இதான் உன் நூறு மார்க். இதான் சாரோட சுத்தமான இங்கிலீஷ். நான் கதவைச் சாத்துறேன்தான். தமிழ்லதான் நடத்துறேன். சாத்தலைன்னா என்ன ஆகும்னு இப்பக் கேட்டுட்டீங்கள்ல?"

தங்கையின் சிரிப்பு முகத்திலேயே நின்றது. போகவும் தெரியாமல், இருக்கவும் தெரியாமல். மாடி வராந்தாவில் துண்டை நீட்டிக்கொண்டு நின்றபோது அவள் முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

"அது நீங்க சொன்னதுதானே மிஸ்" என்றாள் பாப்பா.

அவள் அழவில்லை. குரலும் உயரவில்லை. சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள்.

"நீங்க சொன்னீங்க, நாங்க எழுதிக்கிட்டோம். தப்புன்னு உங்களுக்குத் தெரியுமா மிஸ்? தெரிஞ்சுமா நூறு போட்டீங்க?"

டீச்சர் வாயைத் திறந்தாள். பெரிய மேடம் முந்திக்கொண்டார். அவருக்குச் சிரித்துச் சிரித்து மனசு லேசாகியிருந்தது. வருஷக் கடைசித் தேர்வில் பிள்ளைகள் இப்படி எழுதினால் அடுத்த தெருப் பள்ளிக்கூடம் பலகையில் எழுதிப் போடும் என்ற பயமும் வந்திருந்தது. "சரி, சரி. டீச்சர், நீங்க உங்க வழியிலயே நடத்துங்க. புரியவைங்க. ஆனா கதவைச் சாத்திட்டு. வெளியில ஒரு வார்த்தை கேக்கக்கூடாது, பலகை மாட்டியிருக்கோம் பாருங்க. சார், நீங்களும் அந்தப் பக்கம் கொஞ்ச நாளைக்குப் போகாதீங்க."

டை சார் டையைச் சரிசெய்துகொண்டார்.

"என் பொண்ணை பி பிரிவுக்கு மாத்துங்க" என்றாள் தங்கை. யாரையும் பார்க்கவில்லை.

"இடம் இருக்கு" என்றார் டை சார் உடனே. "பொண்ணு இஷ்டப்பட்டா நாளைக்கே போகலாம்."

தங்கை பாப்பாவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். இழுத்ததும் அம்மாதான், அடிவாங்கியவள்போல் போனதும் அம்மாதான். டீச்சர் ஜெயித்துவிட்டாள். வேலை நின்றது, கதவு நின்றது, சார் வாயடைத்தார், தங்கை வாயடைத்தாள். இத்தனையும் ஒரே கேள்வியில். வகுப்புக்குத் திரும்பும் வழியில் அவள் ஏ பிரிவு வாசலைத் தாண்டிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள்.

மறுநாள் காலையில் வகுப்புக்குள் நுழைந்தபோது பாப்பா கதவோரம் தன் இடத்தில்தான் இருந்தாள். டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. பி பிரிவுக்குப் போகவில்லை. தன்னிடம்தான் இருக்கிறாள். கோபம் இருக்கும், இருக்கட்டும், பெரியம்மாவிடம் கோபப்படாமல் வேறு யாரிடம் கோபப்படுவாள்? கூப்பிட்டு வைத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். தப்பு என் பேரில், உன் பேரில் இல்லை என்று சொல்ல வேண்டும். மற்ற பிள்ளைகள் எதிரில் எப்படிச் சொல்வது? இப்போது வேண்டாம், சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிட்டுச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

"கதவைச் சாத்தும்மா" என்றாள்.

பாப்பா எழுந்தாள். அவள் பை கட்டியபடியே மடியில் இருந்ததை டீச்சர் அப்போதுதான் பார்த்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, வாசலைத் தாண்டி, திரும்பி நின்று, வெளியிலிருந்து கதவைச் சாத்தினாள். ஓங்கிச் சாத்தவில்லை. எப்போதும்போலச் சத்தம் வராமல் பதமாகத்தான் சாத்தினாள்.

பிள்ளைகள் கதவைப் பார்த்தார்கள், டீச்சரைப் பார்த்தார்கள். பக்கத்து அறையில் ஒரு பெஞ்சு நகரும் சத்தம் கேட்டது. சின்ன மிஸ் ஏதோ சொன்னாள். அப்புறம் கோரஸ் தொடங்கியது. அவர்களும் அதே பாடத்துக்குத்தான் வந்திருந்தார்கள். இரும்பு வெப்பத்தைக் கடத்தும், மரம் கடத்தாது என்று பி பிரிவு முழுக்க இங்கிலீஷில் ராகம் போட்டது. அத்தனை குரலிலும் பாப்பாவின் குரல் தெளிவாகத் தனியாகக் கேட்டது. அந்த வரியின் அர்த்தம் அந்த அறையில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

அந்தப் பக்கம் சொல்லி முடிக்கும்வரை கடுகு டீச்சர் சுண்ணக்கட்டியைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.